வெடிப்பு எங்கே போனது? மங்கலான எக்ஸ்-கதிர் வெடிப்பு மூலங்களை ஆராய்வோருக்கான பிழை நீக்கும் வழிமுறை

நெருக்கமான இரட்டை விண்மீன் அமைப்பில் நியூட்ரான் விண்மீன் தன் துணையிடமிருந்து வாயுவை இழுத்துக்கொள்கிறது. இழுத்த ஹைட்ரஜனும் ஹீலியமும் அதன் மேற்பரப்பில் சில மீட்டர் தடிமனுக்குப் படிகின்றன. அழுத்தமும் வெப்பமும் ஓர் எல்லையைத் தாண்டியதும் அந்தப் படலம் முழுவதும் அணுக்கருப் பிணைவில் எரிந்து தீர்கிறது. சில நொடிகளில் ஏறி, பத்து முதல் நூறு நொடிகளில் தணியும் இந்த ஒளிர்வுக்கு முதல் வகை எக்ஸ்-கதிர் வெடிப்பு என்று பெயர். 1975-இல் நெதர்லாந்தின் ஏஎன்எஸ் செயற்கைக்கோள் 4யு 1820-30 என்ற மூலத்தில் இதைப் பதிவுசெய்தது. இன்று நம் பால்வீதியில் நூற்றுக்கும் சற்று அதிகமான வெடிப்பு மூலங்கள் தெரியும்.

இவற்றில் ஒரு சிறு கூட்டம் மிக மங்கலானது. 2 முதல் 10 கிலோ எலக்ட்ரான்வோல்ட் (இனி கேஇவி) பட்டையில், வெடிப்பில்லாத நேரத்தில் இவற்றின் உச்ச ஒளிர்வே நொடிக்கு 10³⁶ எர்க்கைத் தாண்டுவதில்லை. ஆனால் வெடிக்கும்போது இவையும் மற்ற வெடிப்பு மூலங்களைப் போலவே எடிங்டன் எல்லைவரை (கதிர்வீச்சின் அழுத்தம் ஈர்ப்பைச் சமன்செய்யும் அளவு), அதாவது நொடிக்குச் சுமார் 3.8 × 10³⁸ எர்க் வரை, ஒளிரக்கூடும். பால்வீதி மையத்தின் தூரமான 8 கிலோபார்செக்கில் வைத்துக் கணக்கிட்டால் வெடிப்பின் பாயம் (நம்மை வந்தடையும் ஆற்றல் வீதம்) ஒரு சதுர சென்டிமீட்டருக்கு நொடிக்கு 5 × 10⁻⁸ எர்க். வானத்தின் பிரகாசமான எக்ஸ்-கதிர் மூலங்களில் ஒன்றான நண்டு நெபுலாவோடு போட்டிபோடும் அளவு அது. அதே மூலம் 10³⁵ எர்க் ஒளிர்வில் அமைதியாக இருக்கும்போது அதன் பாயம் ஏறக்குறைய நான்காயிரத்தில் ஒரு பங்கு.

கீழே வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை இந்த நான்காயிரம் மடங்கு வேறுபாட்டிலிருந்து பிறக்கின்றன. தரவைச் சுத்தம் செய்யும் மென்பொருள்களின் இயல்பு அமைப்புகள், சீராக ஒளிரும் மூலங்களை மனதில் வைத்து எழுதப்பட்டவை. அரை மணி நேரம் ஒன்றுமில்லாமல் இருந்து, திடீரென்று பிரகாசமாகி, மறுபடி ஒன்றுமில்லாமல் போகும் பொருளை அவை கோளாறாகவே எடுத்துக்கொள்கின்றன. ஆகவே விண்மீனைச் சந்தேகிக்கும் முன் வடிகட்டியைச் சந்தேகியுங்கள் என்பதே நான் மாணவர்களுக்கு முதலில் சொல்வது.

அறிகுறி: நீண்ட நேரம் பார்த்தும் ஒரு வெடிப்புகூட இல்லை

முதலில் தாளில் கணக்குப் போடுங்கள். நியூட்ரான் விண்மீன்மீது விழும் ஒவ்வொரு நியூக்ளியானும் (புரோட்டான் அல்லது நியூட்ரான்) ஈர்ப்பினால் சுமார் 200 மில்லியன் எலக்ட்ரான்வோல்ட் ஆற்றலை வெளியிடுகிறது. அதே நியூக்ளியான் பின்னர் அணுக்கரு எரிப்பில் தருவது, ஹீலியமாக இருந்தால் ஏறக்குறைய 1.6 மில்லியன், ஹைட்ரஜன் கலந்திருந்தால் அதைவிடச் சில மடங்கு. எனவே இரண்டு வெடிப்புகளுக்கு இடையே வெளியாகும் மொத்த ஆற்றல், வெடிப்பின் ஆற்றலைப்போல நாற்பது மடங்கு முதல் நூற்றுக்கும் மேற்பட்ட மடங்காக அமைகிறது. இந்த விகிதத்தை ஆல்ஃபா என்பார்கள். வெடிப்பின் ஆற்றலை ஆல்ஃபாவால் பெருக்கி, அமைதி நிலை ஒளிர்வால் வகுத்தால் இடைவெளி கிடைத்துவிடும்.

ஒளிர்வு 10³⁵ எர்க், வெடிப்பின் ஆற்றல் 5 × 10³⁹ எர்க், ஆல்ஃபா 40 என்று எடுத்துக்கொண்டால் இடைவெளி 20 லட்சம் நொடி, அதாவது சுமார் 23 நாள். தூய ஹீலியம் எரியும் அமைப்பில் ஆல்ஃபா 120, ஆற்றல் 10⁴⁰ எர்க் என்றால் ஏறத்தாழ 139 நாள். உங்கள் கையில் இருப்பது 40,000 நொடித் தரவு என்றால், முதல் கணக்குப்படியே வெடிப்பு அதில் விழும் வாய்ப்பு நூற்றுக்கு இரண்டு. ஜிஎஸ் 1826-24 போன்ற பிரகாசமான மூலம் நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை கடிகாரம்போல் வெடித்ததைப் படித்துவிட்டு மங்கலான மூலத்திடமும் அதையே எதிர்பார்ப்பவர்கள் ஏராளம். அந்த எதிர்பார்ப்பை இங்கேயே விட்டுவிட வேண்டும்.

இந்தியாவின் அஸ்ட்ரோசாட் தரவு என்றால் இன்னொன்றையும் கணக்கில் சேருங்கள். 2015 செப்டம்பர் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட அந்த விண்கலம் சுமார் 650 கிலோமீட்டர் உயரத்தில் பூமியைச் சுற்றுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் பூமி மூலத்தை மறைக்கும் நேரமும், தென் அட்லாண்டிக் பகுதியின் துகள் மிகுந்த வட்டாரத்தைக் கடக்கும் நேரமும் வீணாகின்றன. ஒரு நாள் முழுவதும் பார்த்தோம் என்ற சொல்லுக்குள் பயன்படும் நேரம் பாதியளவுகூட இருப்பது உறுதியில்லை. நல்ல நேரப் பட்டியலைக் கூட்டிப் பார்த்து, அந்தக் கூட்டுத்தொகையை மட்டும் வாய்ப்புக் கணக்கில் போடுங்கள்.

கணக்கின்படி வெடிப்பு இருந்திருக்க வேண்டும், ஆனால் இல்லை என்றால் அடுத்தது வடிகட்டி. மூன்று இடங்களில் வெடிப்பு தொலைவது வழக்கம்.

எக்ஸ்எம்எம்-நியூட்டன் என்ற ஐரோப்பிய எக்ஸ்-கதிர்த் தொலைநோக்கியின் பிஎன் கேமராத் தரவில், 10 முதல் 12 கேஇவி பட்டையில் எண்ணிக்கை நொடிக்கு 0.4-ஐத் தாண்டும் நேரங்களை வெட்டிவிடுவது வழக்கமான சுத்திகரிப்பு. சூரியனிலிருந்து வரும் மென் புரோட்டான் பெருக்கை நீக்குவதற்காக வந்த விதி அது. ஆனால் 2.5 கேஇவி வெப்பநிலையில் ஒளிரும் வெடிப்பு அந்தப் பட்டையிலும் ஃபோட்டான்களைக் கொட்டும். விதி தன் வேலையை ஒழுங்காகச் செய்து, நீங்கள் தேடும் ஒன்றையே வெட்டி எறிந்துவிடும். இதற்குத் தீர்வு எளிது: மூலம் இருக்கும் வட்டத்தை விலக்கிவிட்டு, மீதிப் பரப்பிலிருந்து மட்டும் பின்னணி ஒளிவரைபடத்தை (நேரத்தோடு எண்ணிக்கை மாறுவதைக் காட்டும் வரைபடம்) எடுத்து, அதைக்கொண்டு நேரப் பட்டியலை உருவாக்குங்கள். அதற்கும் முன்னால், எந்த வடிகட்டலும் செய்யாத ஒளிவரைபடத்தை ஒருமுறை கண்ணால் பாருங்கள். எந்தக் கருவியின் தரவானாலும் இந்தப் பழக்கத்தை விடாதீர்கள்.

ஸ்விஃப்டின் எக்ஸ்-கதிர்த் தொலைநோக்கியில் வெடிப்பு வேறு கோப்பில் ஒளிந்திருக்கலாம். மூலம் மங்கலாக இருக்கும்போது கருவி ஃபோட்டான் எண்ணும் முறையில் படம் எடுக்கிறது. பிரகாசமானதும் தானாகவே, முழுப் படத்தைக் கைவிட்டு நேரத்தை நுட்பமாகப் பதியும் விண்டோட் டைமிங் முறைக்கு மாறிவிடுகிறது. முதல் முறையின் நிகழ்வுக் கோப்பை மட்டும் திறப்பவருக்கு வெடிப்பு நிகழ்ந்த இடத்தில் இடைவெளிதான் தெரியும். விளக்கமில்லாத இடைவெளி ஒன்று இருந்தால் அடுத்த கோப்பைத் திறந்து பாருங்கள்.

மூன்றாவது, காலக் கூறின் அளவு. மங்கலான மூலம் என்பதால் 100 நொடி, 500 நொடி என்று பெரிய கூறுகளாகப் பிரிக்கிறோம். பத்து நொடி வெடிப்பு ஒன்று, 500 நொடிக் கூறுக்குள் ஐம்பதில் ஒரு பங்காகக் கரைந்துபோகும். அஸ்ட்ரோசாட்டின் லாக்ஸ்பிசி போலப் பின்னணி மிகுந்த கருவியில் அப்படிக் கரைந்தது தெரியவே தெரியாது. 1 நொடி, 5 நொடி, 20 நொடி என மூன்று அளவுகளிலும் தேடுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் எதுவும் இல்லை என்றால், அதையும் முடிவாகப் பதிவுசெய்யலாம். பூச்சிய நிகழ்வுக்கு 95 சதவீத நம்பிக்கையில் மேல் எல்லை 3. எனவே வெடிப்புகளின் சராசரி இடைவெளி, உங்கள் மொத்த நல்ல நேரத்தில் மூன்றில் ஒரு பங்கைவிட அதிகம் என்று எழுதலாம். அடுத்து வரும் ஆராய்ச்சியாளர் தன் தரவோடு கூட்டிக்கொள்ள இந்த ஓர் எண் போதும்.

அறிகுறி: ஒரு கூர்முனை தெரிகிறது, அது வெடிப்புதானா?

இங்கே அவசரம் கூடாது. வேகமாக ஏறி மெல்ல இறங்கும் வடிவம் மட்டும் சான்றாகாது. ஒளிவரைபடத்தை இரண்டாகப் பிரியுங்கள்: 3 கேஇவிக்குக் கீழே ஒன்று (மென் பட்டை), 6 கேஇவிக்கு மேலே ஒன்று (கடினப் பட்டை). முதல் வகை வெடிப்பில் மேற்பரப்பு குளிர்ந்துகொண்டே போவதால், கடினப் பட்டை முதலில் அணையும். மென் பட்டை நீண்ட நேரம் வால்போல் நீளும். கரும்பொருள் (வெப்பத்தால் மட்டும் ஒளிரும் பொருள்) என்று கொண்டு அளக்கும் வெப்பநிலை 2 முதல் 3 கேஇவியில் தொடங்கிக் குறைந்துகொண்டே வரும். குளிர்ச்சி தெரிந்தால் பாதிக் கிணறு தாண்டிவிட்டீர்கள்.

குளிர்ச்சி இல்லையா? விரைவு வெடிப்பு மூலம் எனப்படும் எம்எக்ஸ்பி 1730-335 தருவதுபோன்ற இரண்டாம் வகை வெடிப்பாக இருக்கலாம். நியூட்ரான் விண்மீனைச் சுற்றியுள்ள வாயு வட்டிலிருந்து வாயு திடீரென்று கொட்டுவதால் வருவது அது; அணுக்கரு எரிப்புக்கும் அதற்கும் தொடர்பில்லை. பத்தில் ஒரு நொடியில் முடிந்துபோனால் மேக்னட்டாரை (மிக வலுவான காந்தப்புலம் கொண்ட நியூட்ரான் விண்மீன்) நினையுங்கள். ஏறுவதற்கே பல நிமிடம் எடுத்து, மணிக்கணக்கில் தணிந்து, நிறமாலையில் 6.7 கேஇவியில் இரும்புக் கோடும் காட்டினால், அது அருகிலுள்ள சாதாரண விண்மீனின் தீப்பிழம்பாக இருக்க வாய்ப்பு அதிகம். 50 கேஇவிக்கு மேலும் வலுவாகத் தெரிந்தால் காமாக்கதிர் வெடிப்பு.

வானத்தில் நடக்காத கூர்முனைகளும் உண்டு. ஒரே மாதிரியான பல உணரிகள் கொண்ட கருவி உங்களுக்கு நல்ல துணை: சர்வதேச விண்வெளி நிலையத்தில் உள்ள நைசர் எக்ஸ்-கதிர்க் கருவியில் இயங்கும் 52 உணரிகளிலும் எண்ணிக்கை ஒரே விகிதத்தில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றிரண்டில் மட்டும் ஏறியிருந்தால் அது உணரியின் கோளாறு. 2023 மே மாதம் நைசரின் வெப்பத் தடுப்புப் படலம் சேதமடைந்து சூரிய ஒளி உள்ளே கசிந்தது. அதற்குப் பிந்தைய பகல் நேரத் தரவில் மிகக் குறைந்த ஆற்றலில் மட்டும் தெரியும் எழுச்சியை நம்பாதீர்கள். லாக்ஸ்பிசியில் நல்ல நேரத் துண்டின் தொடக்கத்திலும் முடிவிலும் ஒட்டிக்கொண்டிருக்கும் எழுச்சிகள், துகள் வட்டாரத்தின் விளிம்பால் வருபவை. அந்த விளிம்புகளில் கிடைக்கும் எதையும் இரண்டாவது கருவியின் சாட்சியில்லாமல் வெடிப்பு என்று எழுத வேண்டாம்.

அறிகுறி: வெடிப்பு உண்மை, ஆனால் அது உங்கள் மூலத்தினுடையதா என்பது உறுதியில்லை

பால்வீதி மையத்தின் பக்கம் பார்ப்பவர்கள் எல்லோருக்கும் இந்தக் கேள்வி வரும், வர வேண்டும். மங்கலான வெடிப்பு மூலமான ஜிஆர்எஸ் 1741.9-2853, மையக் கருந்துளையிலிருந்து பத்து ஆர்க்மினிட் (ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு ஓர் ஆர்க்மினிட்) அளவு தள்ளி இருக்கிறது. ஏஎக்ஸ் ஜே1745.6-2901 என்ற மற்றொரு வெடிப்பு மூலம் மையத்திலிருந்து ஒன்றரை ஆர்க்மினிட்டுக்குள். லாக்ஸ்பிசியின் பார்வைப் பரப்பு ஏறக்குறைய ஒரு பாகை. படம் எடுக்கும் திறன் அதற்கு இல்லை. இவை இரண்டும், கூடவே இன்னும் சில மூலங்களும், ஒரே பார்வைக்குள் வந்துவிடும். நைசரின் பார்வை குறுகலானது, ஆனால் அதுவும் படம் எடுப்பதில்லை.

ஆகவே அந்த வட்டாரத்தில் லாக்ஸ்பிசி மட்டும் பிடித்த வெடிப்புக்கு உரிமை கோருவது நியாயமல்ல. அஸ்ட்ரோசாட்டிலேயே மென் எக்ஸ்-கதிர்த் தொலைநோக்கி உடன் இயங்கியிருக்கும். அதன் படத்தில் அந்த நொடிகளை மட்டும் வெட்டி எடுத்து, ஃபோட்டான்கள் எங்கே குவிகின்றன என்று பாருங்கள். அதுவும் பயன்படாவிட்டால் அண்டை மூலங்களின் அன்றைய நிலையைத் தேடுங்கள். அவற்றில் ஒன்று அந்த வாரம் விழித்திருந்து பிரகாசமாக இருந்தால், வெடிப்பு அதனுடையது என்று கொள்வதே பாதுகாப்பு. ஏஎக்ஸ் ஜே1745.6-2901 ஏறத்தாழ 8.4 மணி நேரத்துக்கு ஒருமுறை துணை விண்மீனால் மறைக்கப்படும் மூலம். கிரகண நேரத்தின் நடுவில் வெடிப்பு முழுப் பிரகாசத்தோடு வந்திருந்தால் அதை மட்டுமாவது பட்டியலிலிருந்து நீக்கிவிடலாம். இப்படி ஒவ்வொன்றாக நீக்கும் வேலை எனக்கு மிகவும் பிடித்தமானது. ஒரு நல்ல துப்பறிவாளரின் பொறுமை இதற்கு வேண்டும்.

அறிகுறி: உச்சியில் பள்ளம், அல்லது இரண்டு உச்சிகள்

இதற்கு மூன்று காரணங்கள் இருக்கலாம். அவற்றில் ஒன்று மட்டுமே விண்மீனுடையது. அது கிடைத்தால் பெரும் பேறு.

வெடிப்பு எடிங்டன் எல்லையைத் தொட்டதும் கதிர்வீச்சின் அழுத்தம் ஈர்ப்பை வென்று, வளிமண்டலத்தின் மேலடுக்கை உயர்த்தித் தள்ளுகிறது. ஆரம் பெருகுகிறது, வெப்பநிலை குறைகிறது, மொத்த ஒளிர்வு ஏறக்குறைய மாறாமல் நிற்கிறது. பிறகு படலம் மேற்பரப்புக்குத் திரும்பி அமரும்போது வெப்பநிலை மீண்டும் உச்சத்துக்கு ஏறுகிறது. இதை ஒளிக்கோள விரிவு என்கிறோம். கடினப் பட்டையில் இது பள்ளமாகத் தெரியும். மென் பட்டையில் அதே நொடிகளில் பள்ளம் இருக்காது, மாறாக எழுச்சிகூட இருக்கும்.

இரண்டாவது காரணம் டெட் டைம். ஒரு ஃபோட்டானைப் பதிவுசெய்தபின் கருவி சில மைக்ரோ நொடிகளுக்கு அடுத்ததைப் பார்ப்பதில்லை. லாக்ஸ்பிசியில் இது சுமார் 42 மைக்ரோ நொடி. ஓர் அலகில் நொடிக்கு 5000 எண்ணிக்கை பதிவானால், ஐந்தில் ஒரு பங்கு நேரம் கருவி குருடாக இருந்தது என்று பொருள். உண்மையான வீதம் 6300-ஐ ஒட்டியிருக்கும். இந்த இழப்பு எல்லா ஆற்றல் பட்டைகளையும் ஒரே விகிதத்தில் தாக்கும். கடினப் பட்டையில் மட்டும் பள்ளமா, எல்லாவற்றிலுமா என்று பாருங்கள். விரிவும் டெட் டைமும் பிரிந்து நிற்கும். நினைவகம் நிரம்பி, தரவு அனுப்புவது தடைப்பட்டதாலும் எல்லாப் பட்டைகளிலும் பள்ளம் விழும். அதில் எண்ணிக்கை நேராகப் பூச்சியத்துக்கே இறங்கிவிடும்.

மூன்றாவது பைல்-அப். சிசிடி உணரி ஒரு சட்டகத்தைப் படித்து முடிப்பதற்குள் இரண்டு ஃபோட்டான்கள் ஒரே இடத்தில் விழுந்தால், அவற்றை ஒரே பெரிய ஃபோட்டானாக எண்ணிக்கொள்ளும். சில சமயம் ஏற்கத்தகாதது என்று தள்ளியும் விடும். சந்திரா எக்ஸ்-கதிர்த் தொலைநோக்கியில் ஒரு சட்டகம் 3.2 நொடி; ஸ்விஃப்டின் ஃபோட்டான் எண்ணும் முறையில் 2.5 நொடி. அமைதி நிலைக்காகத் திட்டமிட்ட அவதானிப்பில் வெடிப்பு வந்து விழும்போது பைல்-அப் தவிர்க்க முடியாதது. படத்தின் நடுவில் வளையத்தில் இருப்பதுபோல் ஓட்டை தெரியும், நிறமாலை பொய்யாகக் கடினமாகும். ஸ்விஃப்டில் நொடிக்கு 0.5 எண்ணிக்கைக்கு மேல் போனாலே நடுப்பகுதியை விலக்கி, வளையத்திலிருந்து மட்டும் ஃபோட்டான்களை எடுங்கள். சந்திராவுக்கு இன்னும் அழகான வழி ஒன்று உண்டு. படத்தைப் படிக்கும்போது வரிசைகள் நகரும் நேரத்தில் விழும் ஃபோட்டான்கள், மூலத்தின் வழியாக ஒரு நீண்ட கோடாகப் படியும். ஒவ்வொரு வரிசைக்கும் கிடைக்கும் நேரம் 40 மைக்ரோ நொடிதான் என்பதால் அங்கே பைல்-அப் இல்லை. குப்பை என்று பலர் அழித்துவிடும் அந்தக் கோட்டிலிருந்தே வெடிப்பின் நிறமாலையை எடுக்கலாம்.

அறிகுறி: வெடிப்பு முடியவே மாட்டேன் என்கிறது

இருபது நிமிடம், ஒரு மணி நேரம் என்று நீண்டால் தரவில் கோளாறு என்று நினைத்துவிடாதீர்கள். மங்கலான மூலங்களில் இது எதிர்பார்க்க வேண்டிய ஒன்று. வாயு மெதுவாக விழுவதால் நியூட்ரான் விண்மீனின் மேலடுக்கு குளிர்ந்திருக்கிறது. எரியும் நிலையை அடைவதற்குள் ஹீலியம் மிகத் தடிமனாகச் சேர்ந்துவிடுகிறது. தடிமனான படலம் குளிர நேரம் பிடிக்கும். ஐஜிஆர் ஜே17062-6143 என்ற மங்கலான மூலத்தில் 2012 ஜூனில் ஸ்விஃப்ட் பிடித்த வெடிப்பு இப்படிப்பட்டது. அதே மூலத்தில் பின்னர் 163.65 ஹெர்ட்ஸ் துடிப்பும், சுமார் 38 நிமிடச் சுற்றுக்காலமும் தெரியவந்தன. அவ்வளவு சிறிய சுற்றுப்பாதைக்குள் சாதாரண ஹைட்ரஜன் விண்மீன் அடங்காது. ஹீலியம் வெடிப்போடு இது நன்றாகவே பொருந்துகிறது.

ஆனால் நீண்ட வெடிப்பு என்றாலே குறுகிய சுற்றுப்பாதை என்று முடிவுகட்டிவிட வேண்டாம். 1ஆர்எக்ஸ்எச் ஜே173523.7-354013 என்ற மூலம் 2008 மே மாதம் சுமார் இரண்டு மணி நேரம் நீண்ட வெடிப்பைத் தந்தது. அதன் துணையாகக் கருதப்படும் விண்மீனின் ஒளியியல் நிறமாலையிலோ ஹைட்ரஜன் கோடு தெளிவாக இருக்கிறது. குறைந்த வீதத்தில் ஹைட்ரஜன் விழும்போது அது சிறு சிறு பொறிகளாக எரிந்து, கீழே ஹீலியத்தைச் சேர்த்துக்கொண்டே போகலாம் என்று கோட்பாட்டாளர்கள் விளக்குகிறார்கள். மங்கலான மூலங்களை நான் இவ்வளவு முக்கியமாகக் கருதுவதும் இதனால்தான்: இந்த எரிப்பு முறையை வேறெங்கும் பார்க்க முடியாது.

நடைமுறையில் கவனிக்க வேண்டியது ஒன்று. ஸ்விஃப்டின் அகலப்பார்வைக் கருவி 15 கேஇவிக்கு மேல் மட்டுமே பார்ப்பதால், வெடிப்பின் மிக வெப்பமான உச்சி மட்டும் அதில் தெரியும். எக்ஸ்-கதிர்த் தொலைநோக்கி திரும்பி வந்து சேர ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். அதில் தெரிவது வால். இரண்டையும் சேர்த்து ஒரே குளிர்ச்சி வளைவாக வரைந்தால்தான் உண்மையான நீளம் புரியும்.

அறிகுறி: வெடிப்பு தெரிகிறது, முன்னும் பின்னும் மூலமே இல்லை

1996 முதல் 2002 வரை பெப்போசாக்ஸ் செயற்கைக்கோளின் அகலப்பார்வைக் கேமராக்கள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட வெடிப்புகளைப் பதிவுசெய்தன. அவற்றில் சில மூலங்கள் வெடிப்பு நேரத்தைத் தவிர வேறெப்போதும் தெரியவில்லை. இது கருவியின் எல்லை. 8 கிலோபார்செக்கில் 10³⁵ எர்க் ஒளிர்வு என்பது நண்டு நெபுலாவில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. அகலப்பார்வைக் கருவிகளுக்கு அது எட்டாது. ஸ்விஃப்டிலோ எக்ஸ்எம்எம்-நியூட்டனிலோ சில ஆயிரம் நொடி போதும். எதுவும் தெரியாவிட்டால் பாய்சான் முறையில் மேல் எல்லை கொடுங்கள். சில எண்ணிக்கைகளே உள்ள இடத்தில் காஸியன் பிழையைப் பயன்படுத்தக் கூடாது. லாக்ஸ்பிசியின் பின்னணியைக் கழித்து மங்கலான அமைதி நிலையைக் கண்டேன் என்று எழுதும் ஆசை வரும். பின்னணி மாதிரியின் பிழையே மூலத்தைவிடப் பெரிதாக இருக்கும் இடம் அது, எழுதாதீர்கள்.

அறிகுறி: இரு கருவிகளில் ஒரே வெடிப்பு, வேறு வேறு நேரம்

வேறுபாட்டின் அளவே காரணத்தைச் சொல்லிவிடும். 69 நொடி என்றால், ஒரு கோப்பு உலகப் பொது நேரத்திலும் மற்றது புவி நேரத்திலும் இருக்கிறது. 2017 முதல் இவற்றின் இடைவெளி 69.184 நொடி. அஸ்ட்ரோசாட் நேரத்தையும் நைசர் நேரத்தையும் அப்படியே ஒப்பிட்டால் இதுதான் நடக்கும். எட்டு நிமிடம் வரை எந்த அளவிலாவது விலகினால், ஒன்றில் மட்டும் சூரியக் குடும்ப ஈர்ப்பு மையத்துக்கான திருத்தம் செய்யப்பட்டிருக்கிறது. ஐந்தரை மணி நேரம் என்றால் யாரோ இந்திய நேரத்தில் குறித்திருக்கிறார்கள்.

அறிகுறி: கரும்பொருள் பொருத்தத்தில் ஆரம் 5 கிலோமீட்டர், தூரமும் நம்ப முடியாதது

வளிமண்டலத்தில் நடக்கும் சிதறலால், நாம் அளக்கும் வெப்பநிலை உண்மையானதைவிட 1.4 முதல் 1.8 மடங்கு வரை கூடுதலாகத் தெரியும். ஆரத்தை இந்த எண்ணின் வர்க்கத்தால் பெருக்க வேண்டும், 1.5 என்றால் 5 கிலோமீட்டர் 11-ஐத் தாண்டிவிடும். ஈர்ப்புச் செம்பெயர்ச்சித் திருத்தம் அதைச் சற்றுக் குறைக்கும். இத்தனைக்கும் பிறகு 3 கிலோமீட்டர் வந்தால் தூரத்தைச் சந்தேகியுங்கள், ஏனென்றால் ஆரம் தூரத்தோடு நேர்விகிதத்தில் மாறும். ஒரு நொடி நிறமாலையில் நூறு ஃபோட்டான்கூட இல்லையென்றால் கை-ஸ்கொயரை விட்டுவிட்டு, குறைந்த எண்ணிக்கைக்கு ஏற்ற கேஷ் புள்ளியியலுக்கு மாறுங்கள். விண்மீன்களுக்கு இடையே உள்ள வாயுவின் அடர்த்தியை ஒவ்வொரு நொடியிலும் தனித்தனியாக மாறவிடாமல், வெடிப்பு முழுவதற்கும் ஒரே மதிப்பில் கட்டிவையுங்கள். பிரகாசமான மூலங்களில் வெடிப்பின்போது வட்டின் ஒளியும் பெருகி நிறமாலையைக் கலக்கிவிடும். மங்கலான மூலங்களில் அந்தத் தொல்லை மிகக் குறைவு. தூய்மையான வெடிப்பு நிறமாலை வேண்டுமென்றால் இவற்றிடம்தான் வர வேண்டும்.

தூரக் கணக்கில் ஒரே விதி: ஒளிக்கோள விரிவு உறுதியானால் மட்டும் அது தூரம், இல்லாவிட்டால் மேல் எல்லை. விரிவு உறுதியானாலும் எரிந்தது ஹீலியமா, ஹைட்ரஜன் கலந்ததா என்பதைப் பொறுத்து எடிங்டன் எல்லை ஏறக்குறைய இரு மடங்கு மாறும். தூரம் நாற்பது சதவீதம் வரை மாறும். இரண்டு மதிப்புகளையும் எழுதுங்கள்.

அறிகுறி: வெடிப்புக்குள் துடிப்பு கிடைத்ததுபோல் இருக்கிறது

சில வெடிப்புகளில் விண்மீனின் சுழற்சி வேகத்திலேயே ஒளி துடிக்கும். 4யு 1728-34-இல் 363 ஹெர்ட்ஸ் துடிப்பு 1996-இல் அப்படித்தான் கிடைத்தது. மங்கலான மூலத்தில் இது கிடைத்தால் வாழ்க்கையே மாறும் என்பதால், இங்கேதான் கடுமை வேண்டும். இரண்டு நொடிச் சாளரத்தில் 2000 ஃபோட்டான், துடிப்பின் ஆர்எம்எஸ் (வர்க்கச் சராசரி மூல) வீச்சு 10 சதவீதம் என்று வையுங்கள். லீஹி திறன் (வெறும் இரைச்சலுக்குச் சராசரி 2 வரும்படி அளவிட்ட துடிப்பின் வலிமை) 22 அளவில் வரும். ஒரே தேடலில் இது தற்செயலாக வரும் வாய்ப்பு ஒரு லட்சத்தில் இரண்டுக்கும் குறைவு. பார்ப்பதற்கு உறுதியாகத் தெரியும். ஆனால் 100 முதல் 1000 ஹெர்ட்ஸ் வரை அரை ஹெர்ட்ஸ் இடைவெளியில் 1800 அதிர்வெண்களை, பத்துச் சாளரங்களில் தேடியிருந்தால் தேடல்கள் 18,000. தற்செயலாக இப்படி ஒன்று கிடைக்கும் எதிர்பார்ப்பு 0.3. அதை வைத்துக் கட்டுரை எழுத முடியாது.

சுழற்சி வேகம் முன்பே தெரிந்த மூலம் என்றால் நிலைமை வேறு. 401 ஹெர்ட்ஸ் துடிப்பு கொண்ட சாக்ஸ் ஜே1808.4-3658-ஐ இரு பக்கமும் 2 ஹெர்ட்ஸ் அளவில் மட்டும் தேடினால், தேடல்கள் எண்பதுக்குள் அடங்கிவிடும். அதே 22 அங்கே மதிப்புமிக்கது. சாளரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக நகர்த்தித் தேடியிருந்தால் தேடல்களின் எண்ணிக்கையைச் செயற்கைத் தரவு உருவாக்கிச் சரிபாருங்கள். டெட் டைம் இருக்கும் கருவியில் வெறும் இரைச்சலின் திறன் 2-க்குக் கீழே இறங்கும் என்பதால் அந்தத் திருத்தத்தையும் செய்யுங்கள். தேடுவதற்கு முன்பே எத்தனை சாளரம், எந்த ஆற்றல் பட்டை, எந்த அதிர்வெண் வரை என்று எழுதி வைத்துவிட்டு, பிறகு நிரலை இயக்குங்கள். ஒரே வெடிப்பு, மறுபடி எப்போது வரும் என்று தெரியாத வெடிப்பு என்பதால், முடிவைப் பார்த்தபின் பட்டையை மாற்றும் ஆசை எல்லோருக்கும் வரும். மாற்றினால் அந்த மாற்றங்கள் ஒவ்வொன்றையும் தேடல் எண்ணிக்கையில் சேர்க்க வேண்டும்.